அச்சத்திலிருந்து தப்புவதல்ல, தாண்டுவதே மருந்து

தேர்வு நாளில் காலை எழுந்ததும் வயிற்றுவலி. விடுப்பு எடுக்கச் சம்மதித்ததும் வலி மறைந்துவிடுகிறது. குழந்தை நடிக்கிறது என்று பெற்றோர் எண்ணக்கூடும். ஆனால், அந்த வலி பொய்யல்ல. குழந்தைகளிடம் பதற்றக் கோளாறு பல நேரங்களில் உடல் உபாதையாகவே வெளிப்படுகிறது.

ஓரளவு அச்சம் எல்லாக் குழந்தைகளுக்கும் இயல்பானது. படிப்பு, நட்பு, உறக்கம் ஆகியவற்றை அது தொடர்ந்து குலைக்கும்போதுதான் சிகிச்சை தேவைப்படுகிறது. அவற்றுள் நன்கு ஆராயப்பட்டது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக, சிபிடி.

‘தவறாகப் பதில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள்’ என்று ஒரு சிறுமி நினைக்கிறாள். நெஞ்சு படபடக்கிறது. கை தூக்காமல் இருந்துவிடுகிறாள். உடனே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே சிக்கலின் வேர். தவிர்க்கத் தவிர்க்க, தான் அஞ்சியது நடக்குமா என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே அவளுக்கு அமைவதில்லை.

இந்தச் சுழலை உடைப்பதே சிபிடியின் நோக்கம். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழக உளவியலாளர் ஃபிலிப் கெண்டல் உருவாக்கிய ‘கோப்பிங் கேட்’ திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் 16 அமர்வுகள். முதல் பாதியில் உடலின் பதற்ற அறிகுறிகளை இனங்காணவும், அச்சமூட்டும் எண்ணத்தைக் கேள்விக்கு உட்படுத்தவும், முயற்சிக்காகத் தன்னையே பாராட்டிக்கொள்ளவும் குழந்தை கற்கிறது. மறுபாதி முழுவதும் பயிற்சி. அச்சங்கள் ஏணிப்படிகளாக வரிசைப்படுத்தப்படுகின்றன. அந்தச் சிறுமி முதலில் சிகிச்சையாளர் முன் உரக்க வாசிப்பாள். பின்னர் கடைக்காரரிடம் விலை கேட்பாள். ஆசிரியரிடம் தனியே ஐயம் கேட்பாள். கடைசியில் வகுப்பில் கை தூக்குவாள்.

அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரிடம் நடத்தப்பட்டு, 2008இல் வெளியான ஆய்வில், 12 வார சிபிடிக்குப் பின் ஏறத்தாழ 60% பேர் நன்கு தேறினர். செர்ட்ரலின் மருந்தும் சேர்ந்தபோது இது 81% ஆனது. வெற்று மாத்திரை பெற்றோரில் 24% மட்டுமே. சிபிடி மட்டும் எல்லோருக்கும் போதாது என்பதையும் இதே ஆய்வு உணர்த்துகிறது. மருந்து தேவையா என்பதை மனநல மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

பெற்றோரின் பங்கு இங்கே நுட்பமானது. குழந்தைக்குப் பதிலாகத் தாமே பேசிவிடுவதும், அடிக்கடி விடுப்பு எழுதித் தருவதும் அன்பினால்தான். எனினும், அவை தவிர்த்தலுக்குத் துணைபோகின்றன. திட்டுவதும் கட்டாயப்படுத்துவதும் அதற்கு மாற்றல்ல. “உனக்குப் பயமாக இருப்பது புரிகிறது, உன்னால் முடியும் என்றும் தெரியும்” என்று சொல்லி, அடுத்த படி வரை உடன் நிற்பதே குழந்தைக்குத் தேவையான துணை.