கூடாரத்துக்குள் யார் தூங்கலாம்? குருளையர் முகாம் விதிகளின் கதை

அமெரிக்காவில் 'கப் ஸ்கவுட்' என்று சாரணர் இயக்கத்தின் குட்டிப் பிரிவு ஒன்று இருக்கிறது. கிண்டர்கார்டன் முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கானது. நம்மூர்ப் பள்ளிகளில் இவர்களுக்குக் குருளையர் என்று அழகான பெயர் உண்டு. இந்தப் பிள்ளைகள் வார இறுதியில் காட்டுப்பக்கம் போய்க் கூடாரம் போட்டுத் தங்கினால் அப்பாவோ அம்மாவோ கூட வரவேண்டும். அதற்கான விதிகளைப் படித்தால் நமக்குக் கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும். ஒரு அப்பா தன் பிள்ளையோடு ஒரே கூடாரத்தில் தூங்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் நண்பனை, பக்கத்து வீட்டுப் பையனாகவே இருந்தாலும், அதே கூடாரத்தில் படுக்க வைக்க முடியாது. இரண்டு பிள்ளைகள் சேர்ந்து படுத்தால் வயது வித்தியாசம் இரண்டு வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. கல்யாண வீட்டு ஹாலில் ஜமக்காளம் விரித்துப் பத்துப் பதினைந்து பேர் வரிசையாகப் படுத்து வளர்ந்தவர்கள் நாம். 'இதுக்கெல்லாமா சட்டம்?' என்று தோன்றும்.

மென்பொருள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பழைய நிரலில் காரணமே புரியாத ஒரு இஃப் கண்டிஷன் கண்ணில் பட்டால் உடனே அழிக்கமாட்டோம். யார் சேர்த்தார்கள், எப்போது, எதற்காக என்று தோண்டிப் பார்ப்போம். பெரும்பாலும் பின்னால் ஏதோ ஒரு ராத்திரி சர்வர் படுத்த கதை இருக்கும். இந்த விதிகளையும் அப்படித்தான் பின்னோக்கிப் படித்தேன்.

தொடக்கத்தில் விதியே கிடையாது என்றுதான் சொல்லவேண்டும். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் இருபது சொச்சம் பையன்களை வைத்து ஒரு வாரம் முகாம் நடத்தினார். பணக்காரப் பள்ளிப் பையன்களும் தொழிலாளர் வீட்டுப் பையன்களும் கலந்திருந்தார்கள். அவருடைய அண்ணன் மகன் டொனால்டுக்கு ஒன்பது வயசுதான். அம்மா அப்பாவை விட்டுவிட்டு வருவதுதான் அந்த முகாமின் அர்த்தமே. தலைவர் நல்லவர், பையன்கள் சொல் தவறாதவர்கள். பாதுகாப்பு ஏற்பாடு அவ்வளவுதான்.

ஐந்தே வருஷத்தில் அடி விழுந்தது. 1912 ஆகஸ்ட் 4 அன்று லண்டன் வால்வொர்த் பகுதிச் சாரணர்கள் முகாமுக்காகப் படகில் ஷெப்பி தீவுக்குப் போனார்கள். லேஸ்டவுன் கரைக்குப் பக்கத்தில் காற்று சுழற்றியடித்துப் படகு கவிழ்ந்தது. ஒன்பது பையன்கள் இறந்தார்கள். அப்போது கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில், உடல்களை லண்டனுக்குக் கொண்டுவரப் போர்க்கப்பல் அனுப்பினார். கூட இருந்த பெரியவர்கள் கெட்டவர்கள் அல்ல, காப்பாற்றப் போராடியவர்கள். நல்ல மனசு அன்றைக்குப் போதவில்லை. இன்றைக்கு அமெரிக்கச் சாரணர் அமைப்பில் தண்ணீரில் இறங்குமுன் நீச்சல் சோதனை உண்டு. ஜோடி ஜோடியாகத்தான் இறங்கணும். விசில் ஊதினால் ஜோடியின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டணும்.

குருளையர் வந்தது 1916இல். அண்ணன்களைப் பார்த்துத் தம்பிகளும் அடம்பிடிக்க, கிப்ளிங்கின் ஜங்கிள் புக் கதையை வைத்துப் பேடன் பவல் சின்னப் பையன்களுக்கென ஒரு பிரிவு தொடங்கினார். (அகேலா ஓநாயின் சியோனி காடு மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) அமெரிக்காவுக்கு அது 1930இல்தான் போனது. அங்கே இதை வீட்டைச் சுற்றியே அமைத்தார்கள். தெருவில் யாராவது ஒரு அம்மாவின் வீட்டில் கூட்டம் நடக்கும். ராத்தங்கல் முகாம் பெரிய சாரணர்களுக்கு ஒதுக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்துக் குட்டிகளுக்கும் அனுமதி வந்தபோது, பெற்றோர் கூட வரணும் என்ற நிபந்தனையோடு வந்தது. இந்த விதிக்குக் காரணம் பயம் அல்ல, வயசு. ஆறு வயசுப் பிள்ளை நடுராத்திரி எழுந்து அழுதால் யார் பார்ப்பது?

பயம் வந்த வழி வேறு. தகாதவர்கள் என்று விலக்கப்பட்ட தலைவர்களைப் பற்றி அமெரிக்கச் சாரணர் தலைமையகம் 1920கள் முதலே ரகசியக் கோப்புகள் வைத்திருந்தது. 1935இலேயே நியூயார்க் டைம்ஸ் அதைப் பற்றி எழுதியிருக்கிறது. அப்போதே ஏறத்தாழ 2,900 பேர். யோசித்துப் பாருங்கள், தகவல் இருந்தது, விதி இல்லை. ஒரு ஆளை நீக்குவார்கள், கோப்பைப் பூட்டுவார்கள், அடுத்த ஊரில் பிள்ளையை முகாமுக்கு அனுப்பும் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. 2012இல் ஓரிகன் நீதிமன்ற உத்தரவால் 1,200க்கும் மேற்பட்ட கோப்புகள் வெளியே வந்தன. 2020 பிப்ரவரியில் அமைப்பு திவால் மனு கொடுத்தது. சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானதாக 82,000க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கோரினார்கள். தீர்வுத்தொகை சுமார் 246 கோடி டாலர்.

இந்தப் பின்னணியோடு படித்தால் விதிகள் வேறு மாதிரித் தெரியும். எந்த நிகழ்ச்சியிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்கணும் என்பது முன்பே உண்டு. ஆனால் 2018 வரை அதில் ஒருவர் பதிவு செய்யாத பெற்றோராக இருக்கலாம். அந்த வருஷம் அது போயிற்று. இருவரும் பதிவு செய்தவர்கள், 21 வயது நிரம்பியவர்கள். 2023 செப்டம்பரிலிருந்து, ராத்தங்கும் பெரியவர்கள் எல்லோரும் பதிவு செய்தாகணும். குருளையர் பெற்றோருக்கு மட்டும் விலக்கு, அதுவும் சொந்தப் பிள்ளையோடு வந்தால்தான். மற்ற பிள்ளைகளோடு இருக்கும்போது பதிவு செய்த தலைவர் ஒருவர் கூட இருக்கணும். அதாவது ஒரே ஆள், தன் பிள்ளைக்கு அப்பா, பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைக்கு அந்நியர். படிக்கக் கசக்கிறது. அந்தக் கோப்புகளில் இருந்தவர்களில் பலர் ஊரே மதித்த ஆட்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால், எனக்கு இது சரியென்றே படுகிறது.

எனக்கு நெருடியது வேறொன்று. ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் அம்மா, தனியாக வளர்க்கும் அப்பா, இவர்கள் பிள்ளை என்ன செய்யும்? 'பெற்றோர் வந்தால்தான்' என்று கறாராக நின்றால் முதலில் விடுபடுவது அந்தப் பிள்ளைதான். விதிப்புத்தகம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. முகாமுக்குத் தன் பிள்ளையோடு வரும், பதிவு செய்த இன்னொரு பெற்றோர் பொறுப்பேற்கலாம். பெற்றவரும் படைத் தலைவரும் சம்மதிக்கணும். ஒருவர் இப்படி ஏற்கக்கூடியது ஒரே ஒரு பிள்ளையைத்தான். ராத்திரி அந்தப் பிள்ளை படுப்பது அவருடைய கூடாரத்தில் அல்ல. பக்கத்தில், தன் வயசுப் பிள்ளை ஒன்றோடு, தனிக் கூடாரத்தில்.