பெரியப்பாவோட டீசல் ஜீப்பும் ஒரு பிரெஞ்சு இஞ்சினும்

போன வாரம் போடிக்குப் போயிருந்தேன். பெரியப்பா வீட்டு வாசல்ல வழக்கம்போல அந்த எம்.எம்.540 நின்னுட்டிருந்தது. தொண்ணூறுகளோட ஆரம்பத்துல ஏலத்தோட்டத்துக்குன்னு வாங்கின டீசல் ஜீப். நான் கிளட்ச்னா என்னன்னு கத்துக்கிட்டதே அதுல தான். அடுத்த மாசம் ஆர்.சி. முடியுது. பதினஞ்சு வருஷத்துக்கு அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை புதுப்பிக்கணும் இல்லையா, அந்தக் கணக்கு.

"இந்தத் தடவை வித்துடலாமே பெரியப்பா"ன்னு தெரியாத்தனமா வாயை விட்டேன்.

"டேய், இஞ்சின் ரீபோர் பண்ணியாச்சு. பாடி ரெண்டு தடவ மாத்தியாச்சு. கியர்பாக்ஸ் வேற வண்டியோடது. இதுல எதைடா பழசுங்கிற?"

பதில் சொல்லத் தெரியல. பெங்களூருக்குத் திரும்பி வர்ற பஸ்ல யோசிச்சுப் பார்த்தா, இந்த வண்டியோட வம்சமே அப்படித்தான்னு தோணுச்சு. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க :-)

1940-ல அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன நாலு சக்கர இழுவை வண்டி வேணும்னு கேட்டுச்சு. மாதிரி வண்டி செய்ய கொடுத்த கெடு 49 நாள். கெடுவுக்குள்ள செஞ்சு கொடுத்தது பேண்டம்ங்கிற சின்ன கம்பெனி. ஆனா பெரிய ஆர்டர் போனது வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். போர் முடியறதுக்குள்ள ஆறு லட்சத்துக்கும் மேல ஜீப் தயாராச்சு. ஆக, பிறக்கும்போதே ஒருத்தர் வரைஞ்சு இன்னொருத்தர் செஞ்ச வண்டி இது.

1945-ல மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து மஹிந்திரா அண்ட் முகமதுன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. 1947-ல 75 ஜீப்புகள் பிரிச்ச பாகங்களா கப்பல்ல வந்து இறங்குச்சு. அதே வருஷம் தேசம் பிரிஞ்சது. குலாம் முகமது பாகிஸ்தானோட முதல் நிதியமைச்சர் ஆனார், பின்னால கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-ல கம்பெனி பேரு மஹிந்திரா அண்ட் மஹிந்திரான்னு மாறுச்சு. எழுத்துல 'எம் அண்ட் எம்' அப்படியே நின்னுடுச்சு. பேர்ப்பலகை செஞ்சவருக்கு வேலை மிச்சம்!

அதுக்கப்புறம் பல வருஷம் நம்ம ஊர்ல ஓடினது சி.ஜே.3பி. பானெட் கொஞ்சம் தூக்கலா இருக்குமே, அது. உள்ள இருந்த ஹரிகேன் பெட்ரோல் இஞ்சின் உயரமானது, அதை மூடத்தான் அந்த உயர பானெட். நல்ல இஞ்சின் தான், ஆனா பெட்ரோலை தண்ணி மாதிரி குடிக்கும். 1973-ல உலகம் பூரா எண்ணெய் விலை எகிறினப்ப, தோட்டத்துக்கும் காட்டுக்கும் ஜீப் வச்சிருந்தவங்களுக்கு பெட்ரோல் கட்டுப்படியாகல.

தீர்வு டிராக்டர்ல இருந்து வந்தது. இண்டர்நேஷனல் பி-275 டிராக்டரோட டீசல் இஞ்சினை ஜீப்புக்குள்ள இறக்கினாங்க. இழுவை இருந்துச்சு, ஆனா வேகமும் இல்ல, அமைதியும் இல்ல. டிராக்டர் டிராக்டர் தானே. அப்புறம் 1979-ல பிரான்ஸோட பீஜோ கிட்ட லைசென்ஸ் வாங்கி எக்ஸ்.டி.பி. 4.90ங்கிற இஞ்சினைச் செய்ய ஆரம்பிச்சாங்க. மஹாராஷ்டிராவுல இகத்புரில அதுக்கு இஞ்சின் தொழிற்சாலை வந்துச்சு. பேர்லயே விவரம் இருக்கு: 4 சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர். 2112 சி.சி., சுமார் 62 குதிரைசக்தி. பெரியப்பா ஜீப்புல துடிக்கிறது இது தான்.

62 குதிரையை வச்சுக்கிட்டு மலை ஏறுமான்னு கேட்கலாம். ரகசியம் கியர் லிவருக்குப் பக்கத்துல இருக்கிற குட்டி லிவர்கள்ல இருக்கு. லோ-ரேஞ்ச் போட்டா சக்கரத்துக்குப் போற திருகுவிசை பல மடங்காகும். வண்டி நடை வேகத்துல போகும், ஆனா நிக்காது. டீசல்ங்கிறதால ஸ்பார்க் பிளக் கிடையாது. பம்ப் முழுக்க மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் எதுவும் இல்ல. ஸ்பேனரும் பொறுமையும் இருந்தா போடியில எந்த பட்டறையிலயும் பிரிச்சு மாட்டிடுவாங்க. என்னை மாதிரி பொட்டி தட்டுறவனுக்கு அதுல கை வைக்க ஒரு வேலையும் இல்ல, ஹி ஹி.

ஒரு கூத்து என்னன்னா, இதே வம்சம் 2018-ல 'ராக்ஸர்'ங்கிற பேர்ல டீசல் இஞ்சினோட அமெரிக்காவுக்கே திரும்பிப் போச்சு. அங்க ஜீப் பேரை வச்சிருந்த ஃபியட் கிரைஸ்லர் 'எங்க ஜீப் மாதிரியே இருக்கு'ன்னு புகார் கொடுத்தாங்க. 2020 ஜூன்ல அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் மஹிந்திராவுக்கு எதிரா தீர்ப்பு சொல்லுச்சு. முகத்தை மாத்தி வடிவமைச்ச பிறகு தான் அந்த வருஷக் கடைசியில அனுமதி கிடைச்சது. பொறந்த வீட்லயே அடையாள அட்டை கேட்ட கதை.

இதெல்லாம் தெரிஞ்சதும் பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு விஷயத்தை மறைச்சா இது பாதி வரலாறு. 2000-ல யூரோ-1க்கு நிகரான புகை விதிகள் வர்றதுக்கு முன்னாடி செஞ்ச இஞ்சின் இது. டீசல் புகை மனுஷனுக்குப் புற்றுநோய் தரும்னு 2012-ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியா சொல்லிடுச்சு. விடியக்காலையில போடிமெட்டு வளைவுகள்ல தோட்ட வேலைக்குப் போறவங்களோட வரிசையா ஏறுற ஜீப்புகளுக்குப் பின்னாடி பைக்ல போனவனுக்கு ஆய்வே தேவையில்ல. எனக்கு சங்கீதமா கேட்கிற அந்த 'டக் டக்' சத்தம், பின் சீட்ல உட்கார்ந்து வர்ற அக்காக்களுக்கு தினசரி மூச்சுல போற சமாச்சாரம்.

நேத்து ராத்திரி பெரியப்பாவுக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "ஆளுங்களை ஏத்த வேற வண்டி வச்சுக்கலாம். இது வாரத்துக்கு ஒருதடவ என் ஒருத்தனுக்கு ஓடட்டும். ஆர்.சி.க்கு எவ்ளோ ஆகும்னு அந்த நெட்டுல பார்த்துச் சொல்லு"ன்னார்.

பார்த்துச் சொல்லிட்டேன். புதுப்பிக்கிறதுக்கு கூடப் போக லீவும் சொல்லிட்டேன். மேனேஜர் காரணம் கேட்டா 'குடும்பத்துல ஒரு பெரியவருக்கு மெடிக்கல் செக்கப்'னு தான் சொல்லணும் :-)