கால்நடை மின்னணு அடையாளம்: ஐரோப்பாவில் உருவான வரலாறு

கால்நடை மின்னணு அடையாளம் என்பது ஒவ்வொரு மாட்டுக்கும் ஆட்டுக்கும் தனி எண் ஒன்றைக் கொடுத்து, ரேடியோ அலையால் படிக்கத்தக்க சில்லில் அதைப் பதித்து, விலங்கின் உடலில் பொருத்தும் முறையாகும். விலங்கு பிறந்த பண்ணை, கைமாறிய சந்தை, அறுக்கப்பட்ட கூடம் ஆகியவை அந்த எண்ணின் கீழ்ப் பதிவாகின்றன. இதனால் இறைச்சி எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னோக்கித் தேடிச் செல்ல முடிகிறது. இதைத் தடமறிதல் என்பர். 1986-க்கும் 2001-க்கும் இடையில் பிரிட்டனைத் தாக்கிய இரண்டு கால்நடை நோய்களே இம்முறை ஐரோப்பாவில் சட்டமாவதற்கு முதன்மைக் காரணங்களாக அமைந்தன.

பழைய அடையாளங்கள்

சூட்டுக்கோலால் குறியிடுதல், காதில் வெட்டு இடுதல், கம்பளியில் சாயம் பூசுதல் ஆகியவை பல நாடுகளில் நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கங்கள். இவை "இந்த விலங்கு யாருடையது?" என்ற கேள்விக்கு விடை தந்தன. விலங்கு இதற்கு முன் எங்கெல்லாம் இருந்தது, எந்த மந்தையுடன் சேர்ந்து நின்றது என்பதை இவற்றால் அறிய இயலாது. நோய் பரவும்போது தேவைப்படுவது இந்த இரண்டாவது விவரமே.

பித்துப்பசு நோயும் மாட்டுக் கடவுச்சீட்டும்

மாடுகளின் மூளையைச் சிதைக்கும் பித்துப்பசு நோய் 1986 நவம்பரில் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. இறந்த விலங்குகளின் இறைச்சி, எலும்பு ஆகியவற்றை அரைத்துச் செய்த தீவனம் மூலம் இது பரவியது. 1988-இல் அத்தகைய தீவனத்தை மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் கொடுப்பது தடை செய்யப்பட்டது. எனினும் மொத்தம் 1,80,000-க்கும் மேற்பட்ட மாடுகளிடம் இந்நோய் உறுதியானது.

1996 மார்ச் 20 அன்று, மனிதரைத் தாக்கும் ஒரு புதிய மூளை நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. அந்த மனித நோயால் பிரிட்டனில் மட்டும் 178 பேர் இறந்துள்ளனர். அறிவிப்பு வந்த ஒரு வாரத்தில் பிரிட்டிஷ் மாட்டிறைச்சி ஏற்றுமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது.

இந்நோய் பெரும்பாலும் வயது முதிர்ந்த மாடுகளிடமே வெளிப்பட்டது. ஆகவே 30 மாதத்துக்கு மேற்பட்ட மாடுகளின் இறைச்சி உணவுக்கு வரக்கூடாது என்று விதி வந்தது. மாட்டின் வயதை மெய்ப்பிக்க நம்பத்தக்க பிறப்புப் பதிவு வேண்டும். எனவே 1996 ஜூலை முதல் பிறந்த கன்று ஒவ்வொன்றுக்கும் கடவுச்சீட்டு என்ற ஆவணம் கட்டாயமானது. 1998 செப்டம்பரில் வொர்க்கிங்டன் நகரில் மாடுகளின் இடப்பெயர்ச்சியைப் பதிவு செய்யும் கணினி மையம் செயல்படத் தொடங்கியது. ஆடுகளுக்கு இத்தகைய ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை.

2001: கோமாரி கற்பித்த பாடம்

2001 பிப்ரவரியில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்து அறுவைக்கூடம் ஒன்றில் பன்றிகளிடம் கோமாரி நோய் கண்டறியப்பட்டது. நோயின் தொடக்கம் வடக்கே நார்தம்பர்லாந்தில் உள்ள ஒரு பன்றிப் பண்ணை என்று பின்னர் தெரியவந்தது. அதற்குள் நோய் அருகிலிருந்த செம்மறியாடுகளைத் தொற்றி, ஹெக்ஸம், லாங்டவுன் சந்தைகளின் வழியே பல மாவட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. முதல் நோயாளி விலங்கு அடையாளம் காணப்பட்டபோதே 50-க்கும் மேற்பட்ட பண்ணைகளில் நோய் இருந்ததாகப் பின்னாளைய விசாரணை காட்டியது.

செம்மறியாட்டிடம் கோமாரியின் அறிகுறிகள் தெளிவாகத் தெரிவதில்லை. ஆடுகளுக்குத் தனித்தனி எண் கட்டாயமாக இல்லாததால், சந்தையில் கலந்து பிரிந்த ஆடுகள் எங்கே போயின என்பதைத் தேடுவதும் கடினமாயிற்று. கோமாரி பொதுவாக மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை. ஆயினும் நோயைத் தடுக்க நோயற்ற மந்தைகளும் அழிக்கப்பட்டன. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. அவ்வாண்டு மே மாதம் நடக்கவிருந்த பொதுத்தேர்தல் ஜூன் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

சில்லு செயல்படும் விதம்

பெரிய ஆட்டு மந்தையில் ஒவ்வோர் ஆட்டின் எண்ணையும் கண்ணால் பார்த்து எழுதுவது நேரம் பிடிக்கும் வேலை. பிழையும் எளிதில் நேரும். சில்லு இவ்வேலையை எளிதாக்கியது. இதில் மின்கலம் கிடையாது. படிப்பான் வெளியிடும் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்று, சில்லு தன் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. ஆடுகள் ஒடுங்கிய பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும்போதே எண்கள் பதிவாகிவிடும்.

சில்லைக் காதுவில்லையில் வைக்கலாம். தோலுக்கு அடியில் செலுத்தலாம். பீங்கான் உருளையில் அடைத்து விழுங்கச் செய்தால் அது இரைப்பையிலேயே தங்கிவிடும். 1996-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரங்கள் எண்ணின் அமைப்பையும் படிக்கும் முறையையும் உலகுக்குப் பொதுவாக்கின. எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கலாம். இந்தியாவின் குறி 356. தமிழ்நாட்டில் மாடுகளின் காதில் பரவலாகக் காணப்படும் 12 இலக்க மஞ்சள் வில்லை இதனின்று வேறுபட்டது. அது எண்ணும் பட்டைக்குறியும் அச்சிடப்பட்ட வில்லை. அதில் சில்லு இல்லை.

சட்டமும் எதிர்ப்பும்

1998-க்கும் 2001-க்கும் இடையில் ஐரோப்பிய ஒன்றியம் ஆறு நாடுகளில் ஏறத்தாழ 10 லட்சம் விலங்குகளிடம் மின்னணு அடையாளத்தைச் சோதித்தது. கோமாரிக்குப் பிறகு, செம்மறியாடு, வெள்ளாடு ஆகியவற்றுக்கான 21/2004 என்ற ஒழுங்குமுறை நிறைவேறியது. 2009 டிசம்பர் 31-க்குப் பின் பிறந்த ஆடுகளுக்கு மின்னணு அடையாளம் கட்டாயமானது. 12 மாதம் நிறையுமுன் உள்நாட்டில் அறுக்கப்படும் குட்டிகளுக்கும், ஆடுகள் குறைவாக உள்ள நாடுகளுக்கும் அந்த ஒழுங்குமுறை தளர்வு அளித்தது.

ஆடு வளர்ப்போர் பலர் இதை எதிர்த்தனர். வில்லைக்கும் படிப்பானுக்கும் செலவு தங்கள் தலையில் விழுகிறது, வில்லை வேலியில் சிக்கிக் காது கிழிகிறது, விழுந்துபோன வில்லைக்குத் தாங்களே பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது என்பவை அவர்களின் குறைகள். மாடுகளுக்குக் கட்டாயமில்லாத சுமை ஆடுகளுக்கு மட்டும் ஏன் என்றும் கேட்டனர். ஜெர்மானிய ஆடு வளர்ப்பாளர் ஒருவர் தொடுத்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. தொற்றுநோய்த் தடுப்பால் விளையும் பொதுநன்மையைக் கருதி, 2013 அக்டோபரில் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

முறையின் எல்லை

தடமறிதலுக்கு இரண்டு பகுதிகள் உண்டு: உயிருள்ள விலங்கைப் பின்தொடர்வது ஒன்று, அறுத்தபின் இறைச்சியைப் பின்தொடர்வது மற்றொன்று. சில்லின் வேலை அறுவைக்கூடத்தோடு முடிந்துவிடுகிறது. உடல் துண்டுகளாகிப் பல விலங்குகளின் இறைச்சி ஒன்றாக அரைபட்டபின் தடத்தைக் காப்பது சீட்டும் கணக்கேடும்தான். 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், மாட்டிறைச்சி என விற்கப்பட்ட பர்கர்களில் குதிரை இறைச்சி இருப்பதாக அறிவித்தது. இடைத்தரகர்கள் பலர் கைமாற்றிய இறைச்சியில் நடந்த அந்த மோசடியைக் காதுவில்லை தடுக்கவில்லை. மரபணுச் சோதனையே வெளிக்கொணர்ந்தது.

மின்னணு அடையாளம் நோயைக் குணப்படுத்துவதில்லை, நோய் வருவதைத் தடுப்பதுமில்லை. நோய் வந்தபின் எந்தப் பண்ணையை மூட வேண்டும், எந்த மந்தையைக் காப்பாற்றலாம் என்பதை விரைந்து முடிவு செய்ய அது உதவுகிறது. அதற்கும் ஒவ்வோர் இடமாற்றமும் அன்றன்றே நேர்மையாகப் பதிவாகியிருக்க வேண்டும்.