டெமிங்கின் பதில் கடிதங்கள்

1950 மார்ச்சில் டோக்கியோவிலிருந்து வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் போயிற்று. எழுதியவர் ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கத்தின் நிர்வாக இயக்குநர் கெனிச்சி கொயனாகி. போரில் தோற்று, நகரங்கள் எரிந்து, அந்நியப் படையின் ஆளுகையில் இருந்த நாடு. சங்கத்துக்கு வயது நான்கு. ஆலை மேலாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும் தரக் கட்டுப்பாடு குறித்துச் சில நாள் வகுப்பெடுக்க முடியுமா என்று அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங்கை அவர் கேட்டிருந்தார். டெமிங் உடன்பட்டுப் பதில் போட்டார். ஊதியத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில், தமக்கு ஒன்றும் வேண்டாம், உதவக் கிடைப்பதே மகிழ்ச்சி என்று எழுதினார்.

சென்னையில் பாடியிலும் அம்பத்தூரிலும் ஆலை வேலை பார்த்த எங்களைப் போன்றவர்களின் வாழ்க்கையை அந்தப் பதில் தொட்டிருக்கிறது. அது எந்த வழியாக எங்களிடம் வந்து சேர்ந்தது என்பதைத்தான் இந்த மலரில் எழுத விரும்பினேன்.

டெமிங் 1900 அக்டோபர் 14 அன்று அயோவா மாநிலத்தில் சூ சிட்டியில் பிறந்தார். வயோமிங்கில் ஏழ்மையில் வளர்ந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் 1928இல் கணித இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, அரசுப் பணியில் வேளாண் துறையிலும் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையிலும் இருந்தார். பெரிய ஆலோசனை நிறுவனம் எதையும் அவர் கட்டவில்லை. வாஷிங்டனில் தம் வீட்டின் நிலவறைதான் அலுவலகம். 1954 முதல் சிசிலியா கிலியன் என்ற ஒரே செயலாளர் அவருடைய கடிதங்களைத் தட்டச்சு செய்து, அடுக்கி, காத்து வந்தார். டெமிங்கின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் சேர்த்து அவரே பின்னாளில் ஒரு நூலாகவும் தந்தார். இன்று டெமிங்கின் தாள்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகள் பிரிவில் இருக்கின்றன. ஓர் அறிஞரின் நூல்களைப் பல பதிப்பகங்கள் காப்பாற்றும். அவருடைய கடிதங்களைப் பெரும்பாலும் ஒருவர்தான் காப்பாற்றுகிறார். கிலியனுக்கு மேலாண்மை உலகம் பட்டிருக்கும் கடன் பெரிது.

1950ஆம் ஆண்டுக் கடிதத்தைப் புரிந்துகொள்ள அதற்கு எட்டு ஆண்டு முந்தைய இன்னொரு பதிலைப் பார்க்க வேண்டும். 1942 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டிலிருந்து ஆலன் வாலிஸ், போர்க்காலத்தில் புள்ளியியலாளர்கள் நாட்டுக்கு என்ன செய்யலாம் என்று டெமிங்கிடம் யோசனை கேட்டு எழுதினார். டெமிங் நான்கு பக்கத்துக்கு நெருக்கித் தட்டச்சு செய்து, ஒரு வாரத்துக்குள் பதில் அனுப்பிவிட்டார். பெல் ஆய்வகத்தின் வால்ட்டர் ஷூஹார்ட் 1924இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபட முறையை ஆலைகளின் பொறியாளர்களுக்குக் குறுகிய வகுப்புகளில் கற்றுக்கொடுங்கள் என்பது அதன் சாரம். அப்படியே நடந்தது. ஆயிரக்கணக்கானோர் பயிற்சி பெற்றார்கள், ஆலைகளில் கழிவு குறைந்தது.

போர் முடிந்ததும் எல்லாம் வாடிப்போயிற்று. சந்தையில் எதைச் செய்தாலும் விற்றது, வரைபடங்கள் சுவரிலிருந்து இறங்கின. பொறியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம், முதலாளிகளிடம் பேசாமல் விட்டோம் என்பது டெமிங் அதிலிருந்து கற்ற பாடம். என் கணிப்பில் அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனை இந்தத் தோல்விதான். ஜப்பானில் கிடைத்த வெற்றியைவிட இதற்கு நான் கூடுதல் இடம் கொடுப்பேன்.

ஆகவே 1950 ஜூலையில் டோக்கியோவில் மருத்துவர் சங்க அரங்கில் எட்டு நாள் வகுப்பு எடுத்தபோதே, தலைவர்கள் வராமல் இது நிலைக்காது என்று அவர் வற்புறுத்தினார். விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கத்தின் தலைவரும் ஜப்பானியத் தொழிலதிபர்களின் பெரிய கூட்டமைப்புக்குத் தலைவருமான இச்சிரோ இஷிகாவா, நாட்டின் முன்னணி முதலாளிகள் 21 பேரை ஒரு விருந்துக்கு அழைத்தார். பிறகு ஹக்கோனேயில் உயர் நிர்வாகிகளுக்குத் தனியாக ஒரு நாள் வகுப்பு. எட்டு நாள் விரிவுரைகளைச் சங்கம் குறிப்பெடுத்து நூலாக்கி விற்றது. நூலுக்கான உரிமத் தொகையை டெமிங் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். அந்தப் பணத்தை வைத்து அவர் பெயரில் ஒரு பரிசு ஏற்படுத்தலாம் என்று கொயனாகி முன்மொழிந்தார். 1951இல் முதல் டெமிங் பரிசு வழங்கப்பட்டது.

டெமிங்கின் சொந்த நாடு அவரைக் கவனிக்க முப்பது ஆண்டு பிடித்தது. 1980 ஜூன் 24 அன்று என்.பி.சி. தொலைக்காட்சி, ஜப்பானால் முடிகிறது, நம்மால் ஏன் முடியவில்லை என்று கேட்டு ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பியது. மறுநாளிலிருந்து நிலவறைத் தொலைபேசி ஓயவில்லை. அப்போது அவருக்கு வயது 79. ஃபோர்டு நிறுவனம் அழைத்தது. 1986இல் ‘அவுட் ஆஃப் தி கிரைசிஸ்’ வந்தது. 1993 டிசம்பர் 20 அன்று இறக்கும்வரை, அந்தக் கடைசி மாதத்தில்கூட, நான்கு நாள் கருத்தரங்குகளை நடத்திக்கொண்டிருந்தார்.

அந்தக் கருத்தரங்குகளில் அவர் செய்துகாட்டிய சிவப்பு மணிச் சோதனையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெட்டியில் 4,000 மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு. 50 குழிகள் கொண்ட ஒரு தட்டு. பார்வையாளர்களில் ஆறு பேர் மேடையேறி ‘தொழிலாளி’ ஆவார்கள். தட்டைப் பெட்டிக்குள் விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை மணி நல்ல சரக்கு, சிவப்பு மணி பழுது. ஒருவருக்கு ஆறு சிவப்பு வரும், இன்னொருவருக்குப் பதினான்கு வரும். மேற்பார்வையாளராக நிற்கும் டெமிங் முதலாமவரைப் பாராட்டுவார், மற்றவரைக் கடிந்துகொள்வார், சுவரொட்டி மாட்டுவார், ஆளைக் குறைப்பார். என்ன செய்தாலும் சராசரி பத்தைச் சுற்றியே வரும். பெட்டிக்குள் ஐந்தில் ஒன்று சிவப்பாக இருக்கும்போது தட்டு பிடித்தவர் என்ன செய்வார்? அந்தப் பெட்டியை நிரப்பியது நிர்வாகம்.

1980களில் அம்பத்தூரில் ஒரு சிறிய ஆலையில் அப்ரண்டிஸாக இருந்தபோது நானும் தட்டு பிடித்தவன்தான். லேத்தில் புஷ் கடைவோம். ஒரு புஷ் பத்து மைக்ரான் கூடிவிட்டால் சூப்பர்வைசர் ஓடிவந்து டூலை உள்ளே தள்ளச் சொல்வார். அடுத்தது பத்து மைக்ரான் குறையும், வெளியே இழுக்கச் சொல்வார். ஷிப்ட் முடிவில் ரிஜெக்‌ஷன் தொட்டி நிரம்பியிருக்கும், திட்டு எங்களுக்கு. பல ஆண்டு கழித்து வேறோர் ஆலையில், ஷூஹார்ட் வரைபடத்தை மிஷினிலேயே கிளிப் போட்டு மாட்டியிருந்தார்கள். மணிக்கு ஐந்து துண்டு அளந்து பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவே புள்ளிகள் ஒழுங்கின்றி ஆடினால் டூலைத் தொடக்கூடாது. அந்த ‘தொடக்கூடாது’ என்ற சொல்லில் எனக்குக் கிடைத்த நிம்மதியை இன்றும் மறக்கவில்லை. மிஷினின் இயல்பான ஆட்டத்துக்குத்தான் இத்தனை நாளும் திட்டு வாங்கியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

1998இல் சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் பிரேக்ஸ் பிரிவு டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவுக்கு அதுவே முதல். 2001இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002இல் டி.வி.எஸ். மோட்டார், அடுத்தடுத்த ஆண்டுகளில் ரானே குழுமத்து ஆலைகள் என்று வரிசை நீண்டது. ஜப்பானியப் பேராசிரியர் யோஷிகாசு சுடா இங்கே ஆலை ஆலையாக வந்து வழிகாட்டினார். மனிதர்களைத் தரவரிசைப்படுத்துவதைக் கடைசிவரை எதிர்த்தவர் பெயரில் ஒரு பரிசா என்று சிலர் கேட்பதுண்டு. டெமிங் பரிசில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. தகுதி எட்டிய நிறுவனம் ஓர் ஆண்டில் எத்தனை இருந்தாலும் அத்தனைக்கும் தருவார்கள். அந்த அளவில் அது அவருக்கு உண்மையாகவே இருக்கிறது. ஆனால் பரிசு வாங்கிய ஊரிலேயே இன்னும் ஆண்டுதோறும் ஊழியர்களுக்கு ஏ, பி, சி என்று மதிப்பெண் போடுகிறோம். டெமிங்கை நாம் பாதிதான் ஏற்றிருக்கிறோம் என்பது என் தீர்மானம்.

கொயனாகியின் கடிதமும் டெமிங்கின் பதிலும் கோப்பில் இருந்ததால்தான் இந்த வரலாற்றை நாள், மாதத்தோடு நம்மால் சொல்ல முடிகிறது. பாடியிலும் அம்பத்தூரிலும் நடந்ததை அப்படிச் சொல்ல முடியுமா? ஜப்பானிய ஆலோசகர்கள் அனுப்பிய கடிதங்கள், ஃபேக்ஸ் தாள்கள், எண்ணெய்க் கறை படிந்த பழைய வரைபடங்கள், பட்டறைத் தொழிலாளிகள் கைப்பட எழுதிய யோசனைப் படிவங்கள் எல்லாம் ஸ்டோர் ரூம் காலி செய்யும்போது எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்து வைத்தார். அவர் சேகரிப்பு இன்று சென்னைத் தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. தொழிற்சாலைத் தாள்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும்.

இந்த மலரைப் படிக்கும் ஆலை நிர்வாகிகளையும் ஓய்வுபெற்ற தோழர்களையும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பரணில், மேசை இழுப்பறையில் அந்தக் காலத்துக் கடிதமோ வரைபடமோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். ஓர் உறையில் போட்டு, ஆலையின் பெயரையும் ஆண்டையும் மேலே எழுதி வையுங்கள்.