எண்ணப்படாத நிலம்: உல்லாஸ் கரந்தின் ஆய்வுமுறையும் வறண்ட சீமையின் சிறுத்தையும்

புத்தூரில் 1948-இல் பிறந்து, இயந்திரப் பொறியியல் படித்து, பிறகு புளோரிடா பல்கலைக்கழகத்தில் காட்டுயிரியல் பயின்ற உல்லாஸ் கரந்த், கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டுப் புலிகளை ஆராய்வதிலேயே தம் வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அந்த உழைப்பின் மையத்தில் இருப்பது ஓர் எளிய கொள்கை: கண்ணில் படாததை இல்லாததாகக் கொள்ளக் கூடாது. இதை அதன் முழுப் பொருளில் ஏற்றால், புலிக் காப்பகங்களின் எல்லையோடு நம் கணக்கு நின்றுவிட முடியாது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் பேத்தமங்களாவைச் சூழ்ந்த வறண்ட நிலம் போன்ற இடங்களுக்கும் அது வந்தாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1970-களிலிருந்து நாடெங்கும் புலிகளைக் கால்தடம் கொண்டே எண்ணினார்கள். ஒவ்வொரு புலியின் தடமும் தனித்துத் தெரியும், எல்லாப் புலிகளின் தடமும் கிடைத்துவிடும் என்ற இரண்டு நம்பிக்கைகளின்மேல் நின்ற முறை அது. கரந்த் 1990-களின் தொடக்கத்தில் காட்டுப் பாதையின் இருமருங்கிலும் தானியங்கிக் கேமராக்களை வைத்தார். இரண்டு எதற்கு? புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் வேறு வேறு. ஒரே நடையில் இரண்டையும் பிடித்தால்தான் ஆளை உறுதி செய்ய முடியும். ஒரே புலி எத்தனை முறை மீண்டும் சிக்குகிறது என்பதிலிருந்து, சிக்காமல் போனவை எத்தனை என்று கணிக்கலாம். 2006-இல் வெளியான நாகரஹொளே ஆய்வில், ஒன்பது ஆண்டுகளில் 74 புலிகள் அடையாளம் காணப்பட்டன. ஓராண்டுப் பிழைப்பு விகிதம் 0.77 என்று தெரிந்தது. நல்ல காட்டிலேயே ஏறத்தாழ கால்பங்குப் புலிகள் ஆண்டுதோறும் இறந்தோ இடம்பெயர்ந்தோ போகின்றன, குட்டிகள் அந்த இழப்பை ஈடுகட்டுகின்றன என்ற உண்மையைக் கால்தடக் கணக்கு ஒருநாளும் சொல்லியிருக்காது.

கேமராவுக்குச் செலவு அதிகம், காட்டை அறிந்த காவலரின் கண்ணுக்கு ஈடாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கண் மிக மதிப்புள்ளது; புலி நடக்கும் பாதையைக் காட்டித் தருவதும் அதுதான். ஆனால் எண்ணிக்கையில் நேரும் பிழையைத் தானே அளக்க அதற்கு வழியில்லை. ஏட்டில் புலிகள் இருந்த ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் 2005-இல் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று தெரிந்தபோது, அந்தப் பிழையின் விலையை நாடு கொடுத்தது.

இந்த முறை சிறுத்தைக்கும் பொருந்தும். அதன் உடற்புள்ளிகளும் ஆளுக்கு ஆள் மாறுபடும். 2022 கணக்கின்படி இந்தியச் சிறுத்தைகள் ஏறக்குறைய 13,874; கர்நாடகத்தில் 1,879. புலி வாழும் காடுகளையே முதன்மையாக அளந்த அந்தக் கணக்கில் இமயமும் வறண்ட நிலப்பகுதிகளும் சேரவில்லை. சிறுத்தையோ காட்டை மட்டும் நம்பி வாழ்வதில்லை. மகாராஷ்டிரத்தின் அகோலேயில், சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழும் வயற்காட்டில், 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து வளர்ந்த சிறுத்தைகள் இருப்பதை காட்டுயிர் ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவின் குழு 2013-இல் காட்டியது. அச்சிறுத்தைகளின் எச்சத்தைப் பிரித்துப் பார்த்தால், இரையின் எடையில் 39 விழுக்காடு நாய்; எங்கும் மேயும் ஆடு அதைவிட மிகக் குறைவு.

கரந்தே புலிக்கு மனிதத் தொல்லையற்ற காடு வேண்டும் என்று வாதிட்டவர், அவர் முறையைக் கொண்டு ஊர்ப்புறச் சிறுத்தையைப் பேசலாமா என்ற கேள்வி எழும். மானும் காட்டெருதும் செறிந்த காட்டில்தான் புலி செழிக்கும் என்பது அவர் தரவே காட்டிய உண்மை. அதை இங்கு யாரும் மறுக்கவில்லை. சிறுத்தையின் பிழைப்பு வேறு என்பதும் தரவு காட்டுவதுதான். ஊரோரம் சிறுத்தையை எண்ணினால் மக்கள் மிரண்டு, பிடித்துக் கொண்டுபோகச் சொல்வார்கள் என்ற அச்சம் இதைவிடக் கனமானது. ஆனால் எண்ணாமலே பிடித்ததன் விளைவு நம்முன் இருக்கிறது. 29 சிறுத்தைகளைப் பிடித்து அருகிலுள்ள காடுகளில் விட்டபின், மகாராஷ்டிரத்தில் மனிதர்மீதான தாக்குதல் ஆண்டுக்கு 4-இலிருந்து 17 ஆனது என்று ஆத்ரேயாவும் உடனாய்வாளர்களும் 2011-இல் பதிவு செய்தனர். எது அந்த நிலத்துக்குப் பழகிய சிறுத்தை, எது வழியோடு போவது என்று தெரியாமலே கூண்டு வைத்தார்கள்.

பேத்தமங்களா, கோலார் தங்கவயலுக்கான தன் குடிநீர் ஏரிக்காகவே பேசப்படும் ஊர். பாலாற்றுப் படுகை, கற்பாறைக் குன்றுகள், முட்புதர், ஆட்டுப்பட்டி, தெருநாய் என்று சிறுத்தைக்கு ஒத்துவரும் கூறுகள் இச்சீமையில் பரவிக் கிடக்கின்றன. இங்கே ஆய்வைத் தொடங்கக் குன்றுகளுக்கிடையே ஆடு இறங்கும் தடங்களே போதும்: ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரத்தில் எதிரெதிரே இரண்டு கேமராக்கள், கூடவே பட்டியில் நேரும் இழப்பைப் பதிய ஒரு நோட்டு. ஒரு படமும் விழாமல் போனாலும் அதுவும் முடிவுதான்; எத்தனை இரவு, எத்தனை இடத்தில் தேடினோம் என்ற விவரம் அப்போது அதனுடன் இருக்கும்.