பெங்களூருவின் பெண் வழக்கறிஞர்களும் குடும்பச் சொத்து ஏற்பாடும்

உயில், பாகப்பிரிவினை, தானப்பத்திரம், குடும்ப அறக்கட்டளை, காப்பாளர் நியமனம் ஆகியவற்றைக் குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசி எழுதித் தரும் சட்டப் பணியில் பெங்களூருவின் பெண் வழக்கறிஞர்கள் பலர் ஈடுபட்டிருக்கிறார்கள். வழக்கு வந்த பிறகு வாதாடுவதைவிட, வழக்கே வராமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தப் பணியின் நோக்கம். பெண்கள் கறுப்பு அங்கி அணிந்த வரலாறும் பெண்களுக்குச் சொத்தில் பங்கு வந்த வரலாறும் இங்கே பின்னிக் கிடக்கின்றன. இரண்டாவது வரலாற்றில் மைசூர் சமஸ்தானத்துக்கும் பின்னர் கர்நாடகத்துக்கும் உரிய இடம் வழக்கமாகச் சொல்லப்படுவதைவிடப் பெரியது.

இந்தியாவில் இந்த வேலையைச் செய்த முதல் பெண் என்று கொர்னேலியா சொராப்ஜியைச் சொல்லலாம். 1904இல் வங்காள அரசு அவரைக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற அரசின் ஜமீன் காப்பமைப்புக்குப் பெண் ஆலோசகராக நியமித்தது. ஆண் வக்கீல் நுழைய முடியாத அந்தப்புரங்களுக்குப் போய், விதவைகளின் ஜமீன் கணக்கையும் சிறுவயது வாரிசுகளின் உரிமையையும் கவனிப்பது அவர் பொறுப்பு. அப்போது அவருக்கு நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை இல்லை. பெண்கள் வழக்கறிஞராகத் தடையில்லை என்ற சட்டம் 1923இல்தான் வந்தது. 1929இல் பி. ஆனந்தபாய் சென்னை உயர் நீதிமன்றத்தில் பதிவுசெய்து, அங்கே முதல் பெண் வழக்கறிஞரானார்.

மைசூர் சமஸ்தானம் இதற்குள் வேறொரு கதவைத் திறந்துகொண்டிருந்தது. இந்துச் சட்டத்தில் பெண்களின் நிலையை ஆராய கே. எஸ். சந்திரசேகர அய்யர் தலைமையில் குழு அமைந்தது. அதன் விளைவாக 1933இல் இந்துச் சட்டப் பெண்கள் உரிமைச் சட்டம் பிறந்தது. கூட்டுக்குடும்பச் சொத்து பிரியும்போது தாய்க்கும், விதவைக்கும், மணமாகாத மகளுக்கும் பங்கு உண்டு என்றது அது. ஆணின் பங்கைவிடக் குறைவுதான். ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவில் விதவைக்கு ஓரளவு உரிமை தந்த 1937ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் முந்தியது. ஒரு வேடிக்கையும் உண்டு. அன்றைய பெங்களூரு ஒரே நிர்வாகத்தில் இல்லை. பேட்டைப் பகுதி மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. தமிழர்கள் நிறைந்த தண்டுப் பகுதி (கன்டோன்மென்ட்) 1947 வரை பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்ததால் மைசூர்ச் சட்டங்கள் அங்கே தாமாகச் செல்லுபடியாகவில்லை. சிக்பேட்டையில் ஒரு மகளுக்குக் கிடைத்த உரிமையை அல்சூரில் இருந்தவள் அதே சட்டத்தைக் காட்டிக் கேட்டிருக்க முடியாது.

உயில் எழுதும் எந்த வக்கீலும் இன்றும் மேற்கோள் காட்டும் தீர்ப்பும் மைசூரிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில் வந்ததுதான். லட்சுமம்மா என்ற மூதாட்டி 1945இல் எழுதியதாகச் சொல்லப்பட்ட உயில் பற்றிய எச். வெங்கடாசல அய்யங்கார் வழக்கு அது. உயிலை நிலைநாட்ட வந்தவரே அதைத் தயாரிப்பதிலும் முன்னின்றிருந்தார். கையெழுத்து உண்மையா என்பதோடு நில்லாமல், எழுதியவருக்கு உள்ளடக்கம் புரிந்ததா, சந்தேகத்துக்கிடமான சூழ்நிலைகள் விளக்கப்பட்டனவா என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம், 1958இல். அந்த உயில் நிலைக்கவில்லை. அனுபவமுள்ள வழக்கறிஞர், உயில் எழுத வரும் அம்மாவை அழைத்து வந்த மகனைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்வதற்கு இதுதான் காரணம். மகன் முகம் சுருங்கும். ஆனால் பத்து ஆண்டுகள் கழித்து அந்த உயிலைக் காப்பாற்றப்போவதும் அந்த அரைமணி நேரத் தனிப்பேச்சுதான்.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளை வாரிசாக்கியது, பிறப்பால் பங்குதாரராக்கவில்லை. ஆந்திரமும் தமிழ்நாடும் எண்பதுகளில் இதைத் திருத்தின. கர்நாடகம் 1990இல் திருத்தம் நிறைவேற்றி, 1994 ஜூலை 30 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் மணமான மகள்களுக்குப் பங்கில்லை என்ற விலக்கும் சேர்ந்தே வந்தது. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்ற நிலை. 2005 செப்டம்பர் 9இல் அமலான மத்தியத் திருத்தம் இந்த வேறுபாட்டை நீக்கியது.

ஆனாலும் தந்தை எப்போது இறந்திருக்க வேண்டும் என்ற கேள்வி தீரவில்லை. அதற்கான சண்டையும் கர்நாடகக் குடும்பங்களில்தான் நடந்தது. 1988இல் இறந்த தந்தையின் சொத்து பற்றிய பிரகாஷ் எதிர் புலவதி வழக்கில், 2005இல் தந்தை உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்குப் பங்கு என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001இல் தந்தை இறந்த தானம்மா வழக்கில், 2018இல், மகள்களுக்குப் பங்கு உண்டு என்றது இன்னொரு அமர்வு. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவு கட்டியது: மகளின் உரிமை பிறப்பிலேயே வருவது, தந்தை உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகள் கலைக்கப்பட மாட்டா. வாய்மொழிப் பிரிவினை என்று சொல்லித் தப்பிப்பது அதன்பின் கடினமானது.

குடும்ப வழக்குகளுக்கென்றே அமைந்த மன்றங்கள் வழக்கறிஞரை வெளியே நிறுத்தப் பார்த்தன என்பதும் இந்த வரலாற்றில் கவனிக்கத் தக்கது. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமையல்ல என்கிறது. நீதிபதிகளாகப் பெண்களுக்கு முன்னுரிமை தரவும் அதே சட்டம் சொல்கிறது. பெங்களூருவில் சித்தையா சாலையின் நியாய தேகுல கட்டடத்தில் குடும்ப நீதிமன்றமும், 2007 முதல் பெங்களூரு சமரச மையமும் இயங்கிவந்தன. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் (2007) தன் தீர்ப்பாயத்தில் வக்கீலே கூடாது என்றது. நடைமுறையில் அனுமதி வாங்கி ஆஜராவது வேறு விஷயம். சட்டத்தின் இந்த மனநிலைதான், தகராறுக்கு முந்தைய கட்டத்தில் வழக்கறிஞரின் தேவையைக் கூட்டியது என்று தோன்றுகிறது. குடும்ப வழக்குகள் பெண்களுக்கு ஏற்றவை என்று மூத்தவர்கள் தள்ளிவிட்ட கோப்புகளும் சேர்ந்து, ஒரு தலைமுறைப் பெண்களை இந்தத் துறையில் தேர்ந்தவர்களாக்கின. ஒதுக்கப்பட்ட மூலையே தனித்துறையானது.

இன்றைய பெங்களூரு அலுவலகத்தில் முதல் சந்திப்பு பெரும்பாலும் காகிதங்களைத் தேடுவதில்தான் கழியும். காத்தா என்ற மாநகராட்சிச் சொத்துப் பதிவு, வில்லங்கச் சான்று, நாடகச்சேரி என்ற உள்ளூர் வருவாய் அலுவலகத்தில் வாங்கும் வம்சவிருட்சம் (குடும்ப மரச் சான்று). தமிழ்க் குடும்பமென்றால் கிருஷ்ணகிரியிலோ வேலூரிலோ உள்ள நிலத்துக்குப் பட்டா, சிட்டாவும் சேரும். வங்கிக் கணக்கில் நாமினி போட்டாயிற்றே, உயில் எதற்கு என்று கேட்காதவர் குறைவு. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் பொறுப்பாளர்தான், உரிமையாளர் அல்லர் என்பது ஆயுள் காப்பீட்டு வழக்கொன்றில் 1983இலேயே தீர்ப்பான விஷயம். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், பதிவு கட்டாயமில்லை. சென்னை நகரில் இருந்ததுபோல இந்துக்களின் உயிலுக்கு நீதிமன்ற மெய்ப்பிதழ் (புரொபேட்) கட்டாயம் என்ற விதி பெங்களூருவில் இருந்ததில்லை. கிறிஸ்தவர் உயிலில் சாட்சிக் கையெழுத்திட்டவருக்கு எழுதிய கொடை செல்லாது. இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாவிட்டாலும், பயன்பெறுபவரைச் சாட்சியாக்காமல் இருப்பதே நல்ல வழக்கம்.

பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் ஜெயநகரில் என்ற குடும்பங்களில் தானப்பத்திரம்தான் ஆபத்தான காகிதம். எழுதிக் கொடுத்த பின் பிள்ளை கவனிக்கவில்லை என்றால் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் பராமரிப்பு என்ற நிபந்தனையோடு கொடுத்ததாகக் காட்ட வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே அந்த ஒற்றை வரியைப் பத்திரத்தில் சேர்ப்பது முக்கியமான வேலையாயிற்று. இதே சட்டத்தை மருமகளை வெளியேற்றும் கருவியாக்குவதற்கு 2020இல் எல்லை வகுத்தது எஸ். வனிதா வழக்கு. அது பெங்களூரு வீடு ஒன்றைப் பற்றியது. மனவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில், 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட அளவிலான குழுவிடம் காப்பாளர் நியமனம் பெறுவதும் ஒரு தனி அறக்கட்டளை அமைப்பதும் சேர்ந்து நடக்கும்.

நீதித்துறையின் மேல்தட்டில், கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு 2000இல் மஞ்சுளா செல்லூர் முதல் பெண் நீதிபதியாக வந்தார். 1987இல் பெங்களூருவில் வழக்கறிஞராகப் பதிவுசெய்த பி. வி. நாகரத்னா 2021இல் உச்ச நீதிமன்றம் சென்றார். இல்லத்தரசி மனைவிக்குக் கூட்டு வங்கிக் கணக்கு போன்ற நிதி வசதி தேவை என்று 2024 தீர்ப்பில் எழுதியவர் அவர். வழக்கறிஞர் சங்கத்தில் நிலைமை மெதுவாகவே மாறியது. பெங்களூரு வழக்கறிஞர் சங்கத்தின் பொருளாளர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கச் சொல்லி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இன்னும் அப்படியே இருக்கிறது. கணவனை இழந்து, பிள்ளையும் இல்லாமல் உயிலின்றி ஒரு பெண் இறந்தால், அவள் தன் சம்பளத்தில் வாங்கிய அடுக்ககம்கூட, பெற்ற தாய் தந்தைக்கு முன்பாகக் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். 2025 நவம்பரில் நாகரத்னாவின் அமர்வு இந்தப் பிரிவின் செல்லுபடியைத் தீர்மானிக்காமல், பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உடனே உயில் எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.