குண்டு விழுந்த எல்லையும் ஐ.பி. எல்லையும்

வணிகவியல் மாணவனுக்கு நெட்வொர்க் எல்லையைப் பற்றி என்ன தெரியும் என்று சிரிக்காதீர்கள். கடலூர்க்காரனுக்கு எல்லை என்றால் கொஞ்சம் தெரியும்!

1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியர்களிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டை சரி, சுற்றியுள்ள நிலம் எவ்வளவு? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை என்று ஒப்பந்தம். கம்பெனி சும்மா விடுமா? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டின் வீச்சுக்குள் வந்த ஊர்களெல்லாம், கடலூர் உட்பட, கம்பெனிக்கு. அந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. கடலூரில் குண்டு சாலை என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

யார் யாருக்கு வரி கட்டுவது என்பதை ஒரு குண்டு முடிவு செய்தது. அங்கே உழுதவர்களை யாரும் கேட்கவில்லை.

சரி, இப்போது கணினிக்கு வருவோம். என் அத்தான் கடலூரில் ஒரு அலுவலகத்தில் கணினி நிர்வாகி. நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு ஒரே இடத்திலிருந்து மென்பொருள் அனுப்ப மைக்ரோசாஃப்ட் 1994-ல் எஸ்.எம்.எஸ். என்ற மென்பொருளை வெளியிட்டது. அதன் வாரிசுதான் இப்போதைய கான்ஃபிகரேஷன் மேனேஜர். எந்தக் கணினி எந்த சர்வரிடம் கேட்க வேண்டும் என்பதை அதில் எல்லைகளால் சொல்ல வேண்டும். ஐ.பி. எண்களின் வரிசையையோ சப்நெட்டையோ எல்லையாகக் கொடுக்கலாம். 2012 பதிப்பிலிருந்து அந்த எல்லைகளை எல்லைக் குழுவில் சேர்த்து, அந்தக் குழுவுக்கு சர்வரைக் காட்ட வேண்டும். எல்லையை மட்டும் எழுதிவிட்டுக் குழுவில் சேர்க்காவிட்டால் பயனில்லை.

அத்தானின் அலுவலகம் சிதம்பரத்தில் கிளை திறந்தது. புதிய ஐ.பி. வரிசையை எல்லையில் சேர்க்க மறந்துவிட்டார்கள். இரண்டு வாரம் அங்கிருந்த கணினிகளுக்கு அப்டேட்டே போகவில்லை. எச்சரிக்கை மணி எதுவும் அடிக்கவில்லை. வைரஸ் வந்திருந்தால் கதை வேறு.

இன்னொரு ஆபத்து, ஒரே ஐ.பி. இரண்டு சைட்டுகளின் எல்லைக்குள் வருவது. அப்போது அந்தக் கணினி எந்த சைட்டில் போய்ச் சேரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே கிராமத்தில் இரண்டு ராஜாக்கள் வரி கேட்பது மாதிரி!

பீரங்கிக்காரனுக்குத் தூரம் கூடினால் லாபம். நிர்வாகிக்கு அப்படியில்லை. பெரிய எல்லை போட்டால் சிதம்பரத்துக் கணினி, பக்கத்து சர்வரை விட்டுவிட்டு கடலூர் சர்வரிடம் கேட்டு லைனை அடைத்துவிடும்.

1690-ன் எல்லையை அதற்குள் வாழ்ந்தவர்களால் மாற்ற முடியவில்லை. கணினி எல்லையை நாம் மாற்றலாம். அதற்கு உள்ளே யார் இருக்கிறார்கள், வெளியே யார் விடுபட்டார்கள் என்று அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும். கணக்குப் படிக்கிறவன் சொல்கிறேன், விடுபட்டதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.